ஸ்டீமாவுக்கு வாய்க்காத அடக்கம்

நப்தலி அபுயா 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஏரிக்கரையில் உள்ள கருங்குவுக்கு அடுத்த ஒரு மேட்டுக் கிராமத்தில் பிறந்தார். தந்தை எசெக்கியா அபுயா, பருத்தி ஆலையில் எடை போடுபவர். தாய் மீகால் 1989இல் காலமானார். அண்ணன் எராஸ்டோ நான்கு ஆண்டு மூத்தவர். ஊரை விட்டுப் போகாமல் தகப்பனின் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நப்தலி 1982இல் நைரோபிக்கு வந்து ரயில்வே சாமான் கிடங்கில் எழுத்தராகச் சேர்ந்தார். 1986இல் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ரிஸ்பரை மணந்தார். மகள் லோர்னா, மகன் வால்ட்டர். 1995இல் ரயில்வே ஆட்குறைப்பில் வேலை போனது. அதே ஆண்டு செப்டம்பரில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவருக்கு ஒரு வேடம் கிடைத்தது. இவை குடும்பத்தில் யாரும் மறுக்காத செய்திகள்.

கிடங்கில் வேலை பார்த்த காலத்திலேயே அவர் நடிகர்தான். தேர்வுக்குப் பாடமாக வைக்கப்படும் நாடகங்களைப் பள்ளி பள்ளியாகப் போய் நடித்துக் காட்டும் குழு ஒன்றில் இருந்தார். சனி, ஞாயிறுகளில் லாரியின் பின்புறம் உட்கார்ந்து பயணம். சாப்பாட்டுக் கூடமே மேடை. ஒரே ஒரு விளக்கு. அங்கே அவர் அரசனாகவும் நீதிபதியாகவும், தூக்குக்குக் காத்திருக்கும் கைதியாகவும் நடித்தார். உயரமான மனிதர். பேசாமல் நின்றாலே ஒரு கூடம் அடங்கும் என்று அந்தக் குழுவில் இருந்தவர்கள் சொல்வார்கள்.

தொலைக்காட்சியில் கிடைத்தது வேறு மாதிரியான வேடம். தொடரின் பெயர் 'முற்றம்'. நைரோபியில் ஒரே குழாயைச் சுற்றிப் பன்னிரண்டு அறைகளில் வாடகைக்கு இருப்பவர்களின் கதை. அந்த வீட்டுக்காரர் படுகஞ்சன். எட்டு மணி அடித்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கிழிந்த கோட்டும் டார்ச் விளக்குமாக ஒவ்வொரு கதவாகக் காது வைத்துக் கேட்பார். "மீட்டர் ஓடுது, மீட்டர் ஓடுது!" என்று கத்துவார். அங்கே மின்சாரத்துக்கு ஸ்டீமா என்பார்கள். ம்ஸே என்றால் பெரியவர். அந்த வீட்டுக்காரர் பெயர் ம்ஸே ஸ்டீமா. பதின்மூன்று வாரத்துக்குத்தான் ஒப்பந்தம். நான்காவது வாரத்திலேயே நகரம் முழுவதும் அந்தக் கத்தலைக் கத்தத் தொடங்கிவிட்டது.

முதல் இரண்டு ஆண்டு அது இனிப்பாகத்தான் இருந்தது. மட்டாட்டு என்ற சிற்றுந்துகளில் அவரிடம் காசு வாங்க மறுத்தார்கள். இறைச்சிக் கடையில் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது. பிறகு அந்தப் பெயர் அவரைவிடப் பெரிதாகிவிட்டது. அவர் குடியிருந்த பகுதியில் மின்சாரம் போனால் ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கூடும்.

"ம்ஸே, போதும், போட்டு விடுங்க! குழந்தைக்குப் பால் காய்ச்சணும்!"

"வாடகை கட்டிட்டோம் ம்ஸே!"

மேலிருந்து ஏதாவது பதில் வரும்வரை யாரும் கலைய மாட்டார்கள். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, "மீட்டர் ஓடுது!" என்று ஒரு தடவை கத்திவிட்டு வந்து படுப்பார். சிறுநீரகக் கல்லால் துடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன அன்று, மருத்துவர் சிரித்து முடிக்கும்வரை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வேடத்தைக் கழற்ற வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது 2004இல், தந்தையின் அடக்கத்தன்று. ஒலிபெருக்கிக்காக ஜெனரேட்டர் வாடகைக்கு வந்திருந்தது. இளைய மகன் என்ற முறையில் அவர் பேச எழுந்தார். பருத்தி மூட்டையை எடை போடும்போது தராசின் முள் நிற்கும்வரை தந்தை மூச்சுவிட மாட்டார் என்பதைச் சொல்ல நினைத்திருந்தார். மைக்கைப் பிடித்து, "என் தகப்பனார்..." என்று தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராவது ஜெனரேட்டரைப் பிடிங்கப்பா, அணைச்சிடப் போறாரு!"

சாவு வீடு சிரித்தது. பாதிரியார்கூட வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். எராஸ்டோ எழுந்து வந்து தம்பியின் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். "நீ உக்காரு" என்றார். தந்தையைப் பற்றி நப்தலி சொல்ல வந்ததை அன்று யாரும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் தயாரிப்பாளர் வங்கேச்சியைப் போய்ப் பார்த்தார். வங்கேச்சி அவரைவிடப் பத்து வயது இளையவர், கெட்டிக்காரி, கெட்டவர் அல்ல.

"போறேன்னு சொன்னா நான் என்ன பண்ணட்டும் ம்ஸே? அந்தக் கோட்டை யாருக்கு மாட்டறது? கோட்டு தானா நடிக்காது."

"வேற ஆளப் போடும்மா. உயரமான ஆளுக்கா இந்த ஊர்ல பஞ்சம்?"

"வேற ஆளப் போட்டா ஜனங்க டிவியத் தூக்கி என் தலையிலயே போடுவாங்க. ஒப்பந்தத்தப் படிச்சீங்களா?"

படித்திருந்தார். அவராக விலகினால் மூன்று ஆண்டுகளுக்கு எந்தத் திரையிலும் தோன்றக் கூடாது. தொடரில் இருக்கும்வரையும் வேறு திரை கிடையாது. நிலையமே அந்தப் பாத்திரத்தை முடித்துவைத்தால் மட்டும் மறுநாளே விடுதலை. அதாவது ஸ்டீமா செத்தால்தான் நப்தலி வெளியே வர முடியும். ஐந்து ஆண்டுகள் அவர் அந்தச் சாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நிலையம் கொடுக்கவில்லை.

2009 நடுவில் முனிரா என்ற பெண் மொம்பாசாவிலிருந்து அவரைத் தேடி வந்தார். முதல் படம் எடுக்கப்போகிற இயக்குநர். தேநீர் வந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நான் படிச்ச ஸ்கூலுக்கு நீங்க வந்திருக்கீங்க. தொண்ணூத்தொண்ணுல. தூக்குக்குப் போற கைதியா நடிச்சீங்க. அன்னிக்கு ராத்திரி எங்க விடுதியில பாதிப் பேரு சாப்பிடல."

நப்தலி கோப்பையைக் கீழே வைத்தார். அந்தக் கைதியை நினைவு வைத்திருக்கும் ஒருவரை அவர் பல ஆண்டுகளாகச் சந்தித்ததில்லை.

"தவறான சிக்னல் குடுத்து ரெண்டு ரயில மோத விட்ட ஒரு ஆள். அதுக்கப்புறம் அதே ஸ்டேஷன்ல முப்பது வருஷம் வேலை பாக்கறான். படம் முழுக்க நாப்பது வார்த்தை பேசினாலே அதிகம். ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, ஐயா. அதுக்கு நான் பொறுப்பு."

"எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"ஜனவரி. அதுக்குள்ள நீங்க ஸ்டீமாவா இருக்கக் கூடாது."

அந்தச் சமயத்தில் 'முற்றம்' இறங்குமுகத்தில் இருந்தது. வேறு நிலையங்கள் வந்துவிட்டன. நப்தலி மறுபடியும் போய்க் கேட்டபோது வங்கேச்சி முதன்முறையாக உடனே மறுக்கவில்லை. பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"சாகலாம். ஆனா ஒழுங்கா சாகணும் ம்ஸே. வெளியூர் போனாரு, திரும்பலன்னு சொல்லி ஏமாத்தக் கூடாது. பெட்டி, பாட்டு, பிரசங்கம், குழி. பெட்டி மூடியில முகம் தெரியற மாதிரி ஒரு கண்ணாடி. ஜனங்க வரிசையா வந்து கண்ணாடிக்குள்ள உங்களப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை எட்டு மணி. நாடே உக்காந்து அழணும்."

நப்தலி அங்கேயே சம்மதித்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது ரிஸ்பர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"சவப்பெட்டியில படுக்கப் போறீங்களா?"

"நடிப்புதானே, ரிஸ்பர்."

"நடிப்புன்னு பெட்டிக்குத் தெரியுமா, லோர்னா அப்பா? உங்க அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"முடிஞ்ச பிறகு சொல்லலாம்."

"யாரு முடிஞ்ச பிறகு?"

பதினான்கு ஆண்டுகளில் கதவு ஒருமுறைதான் திறந்திருக்கிறது. அண்ணனிடம் சம்மதம் கேட்டு நிற்க நப்தலிக்குப் பொறுமை இல்லை.

அந்த வார வியாழக்கிழமை காலையில் நடந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஏரிக்கரை முழுவதும் லுவோ மொழி வானொலியில் நாள்தோறும் சாவு அறிவிப்பு வாசிக்கப்படும். அந்த நேரத்தில் கொத்திக்கொண்டிருக்கும் மண்வெட்டிகூட நிற்கும். யார் செத்தார், யாருடைய மகன், யாருடைய கணவன், யாருக்குச் சகோதரன், எந்த ஊரில் எந்த வீட்டில் அடக்கம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். பெயர் விடுபட்டுப் போன உறவுக்காரர் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். 'முற்றம்' தொடருக்கு விளம்பரமாக, சாவு அறிவிப்பு போலவே ஒரு வரி எழுதி அந்த நேரத்துக்குள் வாசிக்கும்படி கேட்டிருந்தார்கள். 'ம்ஸே ஸ்டீமா மறைந்தார். அடக்கம் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, உங்கள் தொலைக்காட்சியில்.' தாளில் இருந்தது இவ்வளவுதான்.

வாசித்தவர் ஒயாமோ என்ற மூத்த அறிவிப்பாளர். வாழ்நாளெல்லாம் சாவு வாசித்தவர். விளம்பரம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் உறவு சொல்லாத சாவு அவர் வாயிலிருந்து வரவில்லை. ஸ்டீமாவாக நடிப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது ஏரிக்கரையில் யாருக்குத்தான் தெரியாது? தாளில் இல்லாததை அவரே சேர்த்துக்கொண்டார். "ம்ஸே ஸ்டீமா, கருங்கு எசெக்கியா அபுயாவின் மகன், எராஸ்டோவின் தம்பி, ரிஸ்பரின் கணவர், லோர்னா, வால்ட்டர் ஆகியோரின் தந்தை." தொலைக்காட்சி பற்றிய கடைசிச் சொற்கள் வருவதற்குள் பாதி வீடுகளில் அழுகை தொடங்கிவிட்டது.

பின்னாளில் நப்தலி அவரைக் கண்டு கேட்டபோது ஒயாமோ தயங்காமல் சொன்னார்: "சொந்தபந்தம் சொல்லாம ஒருத்தனோட சாவ வாசிக்கறதா? ரோட்டுல செத்த நாய்க்குத்தான் அப்படி வாசிப்பாங்க. உங்க மரியாதைக்காகத்தான் பண்ணேன், தம்பி."

எராஸ்டோ அப்போது சோளக்கொல்லையில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தார். எராஸ்டோவின் கைபேசி சந்தைக்கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொருவர் கைபேசியில் தம்பியைக் கூப்பிட்டார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ரிஸ்பர் வகுப்பில் இருந்ததால் அவருடையதும் அப்படியே. நண்பகலுக்குள் சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாசலில் ஒப்பாரி வைத்தபடி வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் கட்டை வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு குடும்பத் தலைவன் செத்தால் அவன் வீட்டு வாசலில் துக்க நெருப்பு மூட்ட வேண்டும். அடக்கம் முடியும்வரை அது அணையக் கூடாது. எராஸ்டோ மூத்தவர் என்ற முறையில் தம் கையாலேயே தம்பி வீட்டு வாசலில் அந்த நெருப்பை மூட்டினார்.

அதே நேரத்தில் நைரோபிக்கு வெளியே ஒரு தேவாலயத்தில் நப்தலி பெட்டிக்குள் படுத்திருந்தார். வெள்ளைப் பட்டு, புது வார்னிஷ் வாசனை, முகத்துக்கு நேரே ஒரு சாண் கண்ணாடி. துணை நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கண்களை மூடியிருந்தாலும் கண்ணாடியில் நிழல் விழுவது தெரிந்தது. பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் உண்மையாகவே விசும்பினார். மூடி திறந்ததும் உடனே எழுந்திருக்க மனம் வராமல் அவர் சிறிது நேரம் அப்படியே கிடந்ததாகப் படப்பிடிப்பில் இருந்தவர்கள் சொல்வார்கள்.

மாலையில் கைபேசியைத் திறந்ததும் ரிஸ்பரின் குரல்.

"லோர்னா அப்பா, நீங்க செத்துட்டீங்களாம்."

"என்ன உளறுறே?"

"நான் உளறல, ரேடியோ உளறியிருக்கு. ஊர்ல உங்க வீட்டு வாசல்ல நெருப்பு எரியுது. உங்க அண்ணன் மூட்டினது. கிளம்புங்க. நானும் வர்றேன்."

மறுநாள் பேருந்தில் போனார்கள். ஹோமா பே நிறுத்தத்தில் ரிஸ்பரின் சித்திமார் மூவர் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஏறினார்கள். மூத்தவர் நப்தலியைப் பார்த்ததும் கையிலிருந்த கோழியைப் போட்டுவிட்டுப் படியிலிருந்து குதித்துவிட்டார். நப்தலி தமக்கு வந்த துக்கக் கோழியை மடியில் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் எராஸ்டோ நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேலி நெடுகிலும் ஆட்கள். செய்தி பொய் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் கிளம்பவில்லை. நப்தலியின் தகரக்கூரைக்கு மேலே புகை எழுந்துகொண்டிருந்தது.

"அங்கயே நில்லு" என்றார் எராஸ்டோ.

"அண்ணே, நான்தான்."

"நீதான்னு தெரியுது. அதனாலதான் நில்லுங்கறேன். ஊரே அழுது முடிச்ச ஆளு இந்த வாசல் வழியா வர முடியாது."

செத்தவனின் மனைவியை அவன் வம்சத்து ஆண் ஒருவன் ஏற்றுக்கொள்வது அங்கே வழக்கம். சித்தப்பா மகன் ஒபிரோ வேலியில் சாய்ந்தபடி சத்தமாகச் சொன்னார்: "ரிஸ்பர் அண்ணி வீட்டுல போட எனக்கு ஒரு ஸ்டூல் கூடத் தொடச்சு வெச்சேன். விதவைய நம்ம வம்சம் கைவிடக் கூடாதில்ல? இப்ப அந்த ஸ்டூல என்ன பண்றது?"

"அதுமேல ஏறி நின்னு உங்க வீட்டுக் கூரையில இருக்கற ஓட்டைய அடைங்க கொழுந்தனாரே. போன மழையில உங்க பொண்டாட்டி பாத்திரம் வெச்சு ஒழுகல் பிடிச்சாங்களாமே" என்றார் ரிஸ்பர்.

வேலி முழுதும் சிரித்தது. எராஸ்டோ சிரிக்கவில்லை. தம்பியை நோக்கி ஓரடி வந்தார். இடையில் வாசல் கம்பு மட்டும்.

"ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு. பெட்டியில படுத்தியா?"

"படுத்தேன்."

எராஸ்டோ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அறிவிப்பு வந்தாச்சு. அழுதாச்சு. நெருப்பு எரியுது. பாக்கி இருக்கறது அடக்கம் ஒண்ணுதான். அத நீ நைரோபியில வெச்சிருக்கே. ஞாயித்துக்கிழமை நாடே பாத்துட்டா எல்லாம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் இந்த வீட்டுல உன் பேரு செத்தவன் பேரு. வால்ட்டருக்குப் பொண்ணு கேக்கப் போனா யாரு தகப்பன்னு நீ போய் உக்காருவே? நாளைக்கு நெசமாவே செத்தா, ஒருத்தனுக்கு ரெண்டு நெருப்பு மூட்ட என்னால முடியாது. எங்க கொண்டுபோய்ப் புதைக்கறது உன்ன?"

"அண்ணே, செத்தது ஸ்டீமா. நான் இல்ல."

"அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? அப்பா அடக்கத்துல நீ மைக்கப் புடிச்சப்ப இவங்களுக்குத் தெரிஞ்சுதா?"

நப்தலி ஜனவரியில் ஒரு படம் இருக்கிறது என்று சொன்னார். சிக்னல்காரரைப் பற்றிச் சொன்னார். யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். எராஸ்டோ முழுவதையும் கேட்டார், இடையில் வெட்டவில்லை.

"நல்ல வேஷமாத்தான் தெரியுது. உனக்குப் பொருந்தும்" என்றார். "ஆனா அந்தப் படத்துல இருந்து இறங்கி நீ எந்த வீட்டுக்கு வருவே?"

"இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"நீ படுத்தது ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சதும் தெரியணும். அதே பெட்டியிலேருந்து, அதே டிவியில, எல்லாரும் பாக்கற மாதிரி எந்திரி. அப்பறம் வா. நெருப்ப நானே அணைக்கறேன்."

திரும்பிப் போகும் பேருந்து சாலையில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்திருந்தால் ஞாயிறு இரவு ஸ்டீமா மண்ணுக்குள் போயிருப்பார். ஜனவரியில் நப்தலி வேறு மனிதராக ஒரு ரயில் நிலையத்தில் நின்றிருப்பார். அவரும் அந்தப் பேருந்தைப் பார்த்தார். ஓட்டுநர் ஒலி எழுப்பினார். ரிஸ்பர் கோழியைக் கணவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். பேருந்து போனது. நப்தலி சாலையோரத்து மரத்தடியில் நின்று வங்கேச்சியைக் கூப்பிட்டார்.

முழுவதையும் கேட்ட பிறகு வங்கேச்சி சிரிக்கத் தொடங்கினார். ஏளனமாக அல்ல, புதையல் கிடைத்தவர்போல.

"ம்ஸே! எந்திரிக்கறாரு! பிரசங்கம் நடக்கறப்போ பெட்டிக்குள்ளேருந்து தட்டறாரு! இது எனக்குத் தோணவே இல்லையே! நாளைக்கே வந்துடுங்க, நாளைக்கே எடுத்துடலாம்."

"அதுக்கப்புறம் எனக்கு விடுதலை கிடைக்குமாம்மா?"

"உயிரோட எந்திரிச்ச ஆள எப்படி ம்ஸே முடிச்சதாச் சொல்றது?"

சனிக்கிழமை அதே தேவாலயம், அதே பெட்டி. பாதிரியார் வேடக்காரர் உருக்கமாகப் பேசும்போது கண்ணாடியை உள்ளிருந்து தட்ட வேண்டும். மூடி தூக்கப்பட்டதும் எழுந்து உட்கார்ந்து, கூரையில் எரியும் விளக்குகளைப் பார்த்து மிரள வேண்டும். நப்தலி எழுந்து உட்கார்ந்தார். "யாருடா இத்தன லைட்டப் போட்டது? மீட்டர் ஓடுது!" என்று கத்தினார். துணை நடிகர்கள் தாங்க முடியாமல் சிரித்ததால் அந்தக் காட்சியை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு இரவு எராஸ்டோ ஒரு தொலைக்காட்சியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து வந்து, துக்கத்துக்கு வந்த அத்தனை பேரையும் முற்றத்தில் உட்கார வைத்தார். தம்பி பெட்டியிலிருந்து எழுந்ததைத் தம் கண்ணால் பார்த்தார். உடனே எழுந்துபோய், எல்லாரும் பார்க்க, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தார். அடுத்த வாரம் நப்தலி ஊருக்கு வந்தபோது ஒரு கிடா வெட்டி, பின்பக்க வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி பிரித்து, அதன் வழியாக அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். உகாலிக் களியும் ஏரி மீனும் சாப்பிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் அதன் பிறகு ஒருநாளும் மனக்கசப்பு இருந்ததில்லை.

உயிர்த்தெழுந்த ஸ்டீமா முன்பைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். நிலையம் தொடரை வாரம் இருமுறை ஆக்கியது. முனிரா ஜனவரி வரை காத்திருந்தார். பிறகு வேறொரு நடிகரை வைத்துப் படத்தை எடுத்தார். அந்தப் படம் நைரோபியில் திரையிடப்பட்டபோது நப்தலிக்கு இரண்டு அழைப்புச் சீட்டு வந்தது. ரிஸ்பரும் லோர்னாவும் போனார்கள். "எப்படி இருந்தது?" என்று அவர் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றாள் லோர்னா. "அந்த ஆளு ரொம்பப் பேசறாரு."

அதற்குப் பிறகு அவரை வேறு வேடத்துக்கு யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது; மூன்று முறையும் கையெழுத்திட்டார். ஐம்பது வயதுக்காரர் மூன்று ஆண்டு சும்மா இருந்தால் மறுபடி கூப்பிட ஆள் இராது. லோர்னாவும் வால்ட்டரும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சாவை வங்கேச்சியிடம் அவர் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, எராஸ்டோ இரண்டாம் முறை நெருப்பு மூட்ட மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். கோட்டு இரண்டு முறை மாற்றப்பட்டது. புதிய கோட்டையும் பழையதுபோல் கிழித்துத்தான் கொடுத்தார்கள்.

2021 ஜூலையில் நிலையம் அந்த நேரத்தை வெளிநாட்டு மொழிமாற்றுத் தொடருக்குக் கொடுத்துவிட்டது. கடைசிப் பகுதி என்று எதுவும் எடுக்கப்படவில்லை. இனி வர வேண்டாம் என்று கைபேசியில் ஒரு வரி வந்தது. வேடம் ஏற்றபோது நப்தலிக்கு வயது முப்பத்து நான்கு. அந்த வரி வந்தபோது அறுபது. ஸ்டீமாவாக இருந்தது இருபத்தாறு ஆண்டுகள்.